பெரிய வெள்ளிக்கு வள்ளம் இல்லை

முப்பத்தொரு பேர். 1978ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி காலை பத்து மணிக்கு, கரீபியன் கடலில் உள்ள சென்ட் கிளெமென்ட் என்ற சின்னத் தீவிலிருந்து படகேற வேண்டியவர்கள் அத்தனை பேர். அவர்களில் ஒருவரைக்கூட விமலாதேவிக்குத் தெரியாது. அந்தத் தீவை அவள் கண்டதும் இல்லை. ஆனால் அந்தப் படகு ஓடாது என்பது, அவள் வேலை பார்த்த சிட்னிப் புறநகர் பரமட்டா முழுவதிலும் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அதைச் சொல்லக்கூடாது என்பதற்கு மூன்று பேர் காவல் இருந்தார்கள். அதில் ஒருவர் அவளுடைய கணவர்.

விமலாதேவிக்கு அப்போது வயது முப்பத்து நாலு. பிறந்த இடம் யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவு. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் யாழ்ப்பாண டிப்போவில் ஏழு வருடம் லிகிதராக இருந்து, எந்த பஸ் எப்போது புறப்படும் என்று நேரசூசி எழுதியவள். 1974இல் கணவர் நித்தியானந்தனோடு சிட்னிக்கு வந்து மெரிலேண்ட்ஸில் குடியேறினாள். மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினாள். 1977 ஒக்டோபரில் பரமட்டாவில் இருந்த ஒரு பயண நிறுவனம் அவளைத் தட்டச்சுக்கு எடுத்தது. ஆறு மாதம் தற்காலிகம். மார்ச் 31ஆம் திகதி அறிக்கை நல்லதாக வந்தால் நிரந்தரம்.

அந்த நிரந்தரம் அவளுக்காக அல்ல, தங்கை யோகாவுக்காக வேண்டியிருந்தது. யோகா கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்து படிப்பித்துக்கொண்டிருந்தவள். தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலேறி வடக்கே காங்கேசன்துறையில் வந்து இறங்கினாள். அவளை அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட விண்ணப்பம் ஆயத்தமாகிவிட்டது. எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று. இன்னும் ஒரு கடதாசிதான் குறை: விமலாதேவிக்கு நிரந்தர வேலை உண்டு என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம்.

அந்த அறிக்கையை எழுத வேண்டியவர் மனேச்சர் வரதராஜா.

வரதராஜா யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர். கொழும்பில் ஒரு விமான நிறுவனத்தில் இருந்துவிட்டு 1971இல் சிட்னிக்கு வந்தவர். வேனிற்காலத்திலும் கோட்டைக் கழற்றமாட்டார். விமலாதேவி முதல் நாள் அவரை, தமிழர் என்று கண்ட மகிழ்ச்சியில், “அண்ணை” என்று கூப்பிட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

“நீர் எவடம்?”

“நெடுந்தீவு.”

“அப்ப மிஸ்டர் வரதராஜா எண்டு கூப்பிடும். இஞ்சை அண்ணை, தம்பி ஒண்டும் இல்லை.”

அதன்பிறகு ஐந்து மாதம் அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. மிஸ்டர் என்ற சொல்லை அவள் சொல்லும் விதம் அவருக்கு வரவரப் பிடிக்காமல் போனது. ஆனால் அதைப் பிழை என்று சொல்லவும் வழியில்லை.

மார்ச் 6ஆம் திகதி திங்கட்கிழமை வரதராஜா ஒரு தாளுக்கு வரி வரியாகச் சொல்ல, அவள் தட்டத் தொடங்கினாள். மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகும் கூட்டம் ஒன்று, நடுவில் நாலு நாள் கிளெமென்ட் தீவில் ஓய்வெடுக்கப் போகிறது. அங்கே எப்படி ஊர் சுற்றுவது என்பதுதான் தாள். வாடகைக் கார் எடுக்கலாம். அதற்குப் பொலிஸ் நிலையத்தில் ஒரு தற்காலிகச் சாரதி அனுமதி வாங்க வேண்டும். டாக்ஸியில் மீட்டர் கிடையாது. ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். வான்கள் உண்டு, கையைக் காட்டினால் நிற்கும். கடைசிப் பந்தி இப்படி முடிந்தது: வெள்ளி 24, காலை ஒன்பதுக்கு ஹோட்டலிலிருந்து டாக்ஸிகள், பத்துக்குப் படகு, மாலை விமான நிலையம் உள்ள பெரிய தீவு, சனி காலை ஏழரைக்கு விமானம்.

விமலாதேவியின் விரல்கள் நின்றன.

“மிஸ்டர் வரதராஜா, இருபத்துநாலாந் திகதி பெரிய வெள்ளி.”

“ஓம். கலண்டர் வாசிக்க எனக்கும் தெரியும்.”

“அண்டைக்கு வள்ளம் ஓடாது.”

“எது வள்ளம்? அது நூறு பேர் ஏறுற மோட்டர் போட்.”

“நூறு பேர் ஏறினாலும் ஓட்டுறது ஆள்தானே. தீவு முழுக்கக் கத்தோலிக்கர் எண்டு நீங்கள் தந்த புத்தகத்திலையே கிடக்கு. எங்கடை பக்கம் வேதக்காரர் பெரிய வெள்ளிக்கு வள்ளம் இறக்கமாட்டினம். ஆர் வந்து கேட்டாலும் இறக்கமாட்டினம். வள்ளம் இல்லையெண்டா வானும் இல்லை. அதுகள் வள்ளத்தைப் பாத்துத்தான் ஓடுறது.”

வரதராஜா கதிரையில் சாய்ந்தார். அவர் சிரிப்பது அபூர்வம், இப்போது சிரித்தார்.

“கொழும்பிலை பெரிய வெள்ளிக்கு ரெயில் ஓடேல்லையோ? இந்தா, பரமட்டா ஸ்டேஷனிலை ஓடேல்லையோ? இலங்கையும் தீவுதான், அவுஸ்திரேலியாவும் தீவுதான்.”

“தீவெண்டா ஒரு றோட்டும் ஒரு வள்ளமும் உள்ள இடம்.”

“உம்மட அறிவு அந்த ஒரு றோட்டோடை நிக்குது. அதுதான் பிரச்சினை. தீவார் சமுத்திரம் தாண்டி வந்தாலும் காலிலை ஒட்டின மண் போகாது.” அவர் பேனாவால் தட்டச்சு இயந்திரத்தைக் காட்டினார். “தட்டும். யோசிக்கிறது என்ரை வேலை.”

அவள் தட்டினாள். தாளின் கீழ் மூலையில், எந்த அலுவலகத்திலும் உள்ள வழக்கப்படி, சொன்னவரின் பெயரெழுத்துகளைப் பெரிதாகவும் தட்டியவரின் எழுத்துகளைச் சிறிதாகவும் போட்டாள். வரதராஜா தாளை வாங்கிப் பார்த்தார். தன் எழுத்துகளை மட்டும் வெள்ளை மையால் அழித்துவிட்டுப் பிரதி எடுக்கக் கொடுத்தார். மூலையில் மிஞ்சியவை அவளுடைய எழுத்துகள் மட்டும்.

அவள் முதலாளி ஹாலரனிடம் போனாள். கெவின் ஹாலரன் பெரிய உடம்பும் சின்னப் பொறுமையும் உள்ள மனிதர். அவள் வாய் திறக்குமுன் கையை உயர்த்தினார்.

“விம், வரதராஜாவைப் பற்றி என்றால் வேண்டாம். நீங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர். உங்கள் ஊர்ச் சண்டையை உங்கள் பாஷையில் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். படகு உறுதியா என்று ஏற்கெனவே கேட்டேன். உறுதி என்றான். எனக்கு அது போதும்.”

வீட்டில் நித்தியானந்தன் எல்லாவற்றையும் கேட்டார். அவர் வரைபடம் கீறும் வேலை பார்ப்பவர். எதையும் கணக்காகப் பேசுவார். குசினி மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

“இஞ்சரும். வள்ளம் ஓடாமல் விடுறது இருபத்துநாலு. உயிர்த்த ஞாயிறு நேரம் முப்பத்தொரு பேருக்கு வேறை பிளேனிலை இடம் கிடையாது. ஒரு கிழமை அங்கை கிடப்பினம். திரும்பி வந்து கத்துறதுக்கு ஏப்பிரல் ஆகும். உமக்குக் கடிதம் முப்பத்தொண்டு. விளங்குதோ?”

“விளங்குது.”

“அதுக்குப் பிறகு வேலை போனாப் போகட்டும். யோகாவின்ரை கடதாசி போய்ச் சேர்ந்திடும். முப்பத்தோராந் திகதி மட்டும் வாயை மூடிக்கொண்டு இரும்.”

“அங்கை நிக்கிற சனம்?”

“வெள்ளைக்காரர், ஹோட்டலிலை, கடற்கரையிலை. யோகா எங்கை நிக்கிறாள் எண்டு யோசியும்.”

யோகா நின்றது ஒரு பெரியம்மாவின் வீட்டு விறாந்தையில். போன கிழமை வந்த கடிதத்தில் எழுதியிருந்தாள்: சாப்பாட்டுக் கோப்பையை நான் கழுவி வைத்தாலும் அவர்கள் இன்னொருக்கால் கழுவுகிறார்கள்.

செவ்வாய் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது விமலாதேவி, தட்டிய வரியைக் கடல் கடந்து அனுப்பும் டெலெக்ஸ் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஹாலரனின் கையெழுத்தில்லாமல் யாரும் அதில் ஒரு வரிகூட அனுப்பக்கூடாது. அது சட்டம். அவள் ஹோட்டலுக்கு ஒரு வரி அனுப்பினாள்: வெள்ளி 24 படகு, டாக்ஸி, வான் ஓடுமா, படகுக்காரரையே கேட்டுச் சொல்லவும்.

சுற்றுலாச் சபையைக் கேட்டிருந்தால் ஓடும் என்று அச்சடித்த தாள்தான் வந்திருக்கும். டிப்போவில் அவள் பழகிய பழக்கம் அது. மாங்குளத்துக்கு பஸ் வந்ததா என்று மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரனைக் கேட்பாள்; கொழும்புத் தலைமை அலுவலகத்தை ஒருநாளும் கேட்கமாட்டாள்.

புதன் காலை அவள் வந்தபோது வரதராஜா முந்திவிட்டிருந்தார். டெலெக்ஸ் தாளின் நுனி புதிதாகக் கிழிந்திருந்தது. குப்பைக் கூடையில் ஒன்றும் இல்லை. அவருடைய கோட்டுப் பையில் ஏதோ மடிந்து துருத்திக்கொண்டிருந்தது.

“மிஸ்டர் வரதராஜா, இரவு டெலெக்ஸ் ஏதும் வந்ததோ?”

“இல்லை. ஏன், நீர் எதையும் எதிர்பாத்தனீரோ?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தான் அனுப்பியது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் அதை மறைக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்தது. படகு உறுதி என்று முதலாளியிடம் சொன்ன பொய்யை இனி அவரால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

“இல்லை,” என்றாள்.

ஆனால் வரதராஜாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஏழு வருடமாக அந்த அலுவலகத்தில் இருந்தும் டெலெக்ஸ் தாள் சுருளை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. அது தட்டச்சுக்காரியின் வேலை. மேல் தாளுக்கு அடியில் கார்பன் இருக்கும், கார்பனுக்கு அடியில் இன்னொரு தாள் இருக்கும். மேல் தாளை இழுத்துக் கிழிக்கலாம். அடித்தாள் இயந்திரத்தின் பின்னால் தனியாகச் சுருண்டு கிடக்கும். அவர் தேநீருக்குப் போன நேரம் அவள் பின்பக்க மூடியைத் திறந்தாள். மங்கலான நீல எழுத்தில் பதில் இருந்தது: பெரிய வெள்ளி படகு இல்லை. வான் இல்லை. மூன்று மணிக்கு முன் டாக்ஸி இல்லை. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். வியாழன் கடைசிப் படகு மாலை நாலு.

அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். யாருக்கும் காட்டவில்லை. முப்பத்தொன்று வர இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

வியாழன் பரமட்டாவில் கடைகள் ஒன்பது மணிவரை திறந்திருக்கும் நாள். மாலை ஐந்தரைக்கு, பயணம் போகிறவர்களை ஹாலரன் ஒரு மண்டபத்துக்கு அழைத்திருந்தார். முப்பத்தொரு பேரும் பியர் குடித்துக்கொண்டு சத்தமாக இருந்தார்கள். விமலாதேவி கதிரை கதிரையாகத் தாளைக் கொடுத்துக்கொண்டு போனாள். ஒருவர் அவளைப் பார்த்து, “இவளும் நம்மோடு வருகிறாளா, வழிகாட்டியாக? அந்த ஊர் ஆள் மாதிரித்தான் இருக்கிறாள்,” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அவருக்கும் ஒரு தாள் கொடுத்தாள்.

நாலாவது வரிசையில் டோரின் கீன் என்ற பெண் இருந்தாள். அறுபதை நெருங்குகிறவள். மெரிலேண்ட்ஸில் பதினொரு பஸ் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தொழிற்சாலைத் தொழிலாளிகளையும் ஏற்றி இறக்குகிறவள். தாளை மூக்குக்கண்ணாடி போட்டு வரிக்கு வரி வாசித்த ஆள் அவள் ஒருத்திதான்.

“இந்த வெள்ளிக்கிழமை,” என்றாள் எழுந்து. “இது பெரிய வெள்ளி. என் பஸ்ஸே அன்றைக்குப் பாதிதான் ஓடும். இந்தப் படகு ஓடும் என்று உறுதிசெய்தது யார்?”

ஹாலரன் வரதராஜாவைப் பார்த்தார். வரதராஜா எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

“நல்ல கேள்வி. உறுதிசெய்தாயிற்று. எங்கள் விமலாவே செய்தாள். தாளின் கீழே பாருங்கள், அவளுடைய எழுத்துகள் இருக்கின்றன.”

முப்பத்தொரு பேரும் தாளின் மூலையைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

“அப்படியா, விம்?” என்றார் ஹாலரன்.

ஓம் என்று ஒரு சொல் போதும். நித்தியானந்தன் மேசையில் கீறிய கோடு அவள் கண்முன் நின்றது. யோகா கழுவிய கோப்பையும் நின்றது. ஆனால் ஏழு வருட நேரசூசியில் அவள் ஓடாத பஸ்ஸை ஓடும் என்று ஒருநாளும் எழுதியதில்லை. மழை வெள்ளத்திலும் எழுதியதில்லை. ஒருமுறை மந்திரி வருகிறார் என்று டிப்போ மனேச்சர் கெஞ்சியபோதும் எழுதவில்லை. அவளுடைய கை கைப்பையைத் திறந்தது.

வரதராஜா அதைக் கண்டார். கண்டதும் மூன்று கதிரை தாண்டி அவளருகே வந்துவிட்டார். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கித் தமிழுக்கு வந்தது.

“தங்கச்சி, அதை வெளியிலை எடுக்காதை. நாளைக்கு நானே சரிக்கட்டுறன். உன்ரை கடிதத்துக்கு நான் பொறுப்பு. அண்ணை சொல்லுறன், கேள்.”

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் அவளுக்கு அண்ணன் ஆனார்.

“இஞ்சை அண்ணை, தம்பி ஒண்டும் இல்லை, மிஸ்டர் வரதராஜா,” என்றாள்.

நீல எழுத்துத் தாளை விரித்து ஆங்கிலத்தில் முழுவதும் வாசித்தாள். அனுப்பியது தான் என்றாள். அனுமதி இல்லாமல் அனுப்பியதையும் சொன்னாள். பதிலின் மேல் தாள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. வரதராஜாவின் கை மட்டும் தன்பாட்டில் கோட்டுப் பையை மூடிக்கொண்டது.

மண்டபத்தில் எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். வியாழன் நாலு மணிப் படகுக்கு மாற்ற முடியுமா, பெரிய தீவில் அன்று இரவு எங்கே தங்குவது, யார் ஏற்பாடு செய்வது. அவளை அந்த ஊர் ஆள் என்று சொன்னவர் இப்போது வரதராஜாவைப் பார்த்து வேறொன்று சொன்னார். அது அச்சில் வரக்கூடியதல்ல. ஹாலரன் பெரிய சிரிப்போடு இரு கைகளையும் விரித்தார்.

“பாருங்கள், எங்கள் நிறுவனம் எதையும் கடைசிவரை சோதிக்கும். இன்றே மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

கூட்டம் கலைந்தபின் சிரிப்பும் கலைந்தது. அவளை மூலைக்குக் கூப்பிட்டார்.

“என் கையெழுத்தில்லாமல் டெலெக்ஸ். வாடிக்கையாளர் முன்னால் என் மனேச்சரை அவமானப்படுத்தினாய். என்னிடம் ஏன் வரவில்லை?”

“வந்தேன். கையை உயர்த்தினீர்கள்.”

“நான் எல்லோருக்கும்தான் உயர்த்துவேன்.”

வெள்ளி காலை அவள் மேசையில் அறிக்கையின் பிரதி இருந்தது. வரதராஜா அதை முப்பத்தொன்றுவரை வைத்திருக்கவில்லை. தட்டச்சு நன்று. கீழ்ப்படிவு போதாது. தற்காலிகக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டப்படுகிறது. கீழே ஹாலரனின் கையெழுத்து. மூலையில் தட்டியவரின் எழுத்துகள் இல்லை. முதல் தடவையாக வரதராஜா தானே தட்டியிருந்தார். மூன்று எழுத்துப் பிழை இருந்தது. விமலாதேவி மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டு அவர் மேசையில் திருப்பி வைத்தாள்.

நித்தியானந்தன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, “முப்பத்தொரு வெள்ளைக்காரரைக் கரை சேத்துப்போட்டீர். உம்மட தங்கச்சியைக் கடலிலை விட்டுட்டீர்,” என்றார். அவள் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை, பயணம் புறப்படுவதற்கு முதல் நாள், டோரின் கீன் அலுவலகத்துக்கு வந்தாள். ஹாலரனைப் பார்க்க அல்ல. நேரே விமலாதேவியின் மேசைக்கு வந்து கைப்பையை அதன்மேல் வைத்தாள்.

“படகு ஓடாது என்று உனக்கு எப்படித் தெரிந்தது?”

“நான் ஒரு தீவில் பிறந்தவள். பஸ்ஸுக்கு நேரசூசி எழுதியவள்.”

“எத்தனை பஸ்?”

“நூற்றுப் பதினாறு.”

டோரின் அதை நம்பாதவள்போல் பார்த்தாள். பிறகு நம்பினாள்.

“என் ரோஸ்டர் எழுதுகிறவன் குடிகாரன். போன வாரம் ஒரே சாரதியை இரண்டு பஸ்ஸில் போட்டான். நீ வா. காலை ஐந்தரைக்கு வர வேண்டும். என் சாரதிகள் உன்னைப் போன்ற நிறத்தவளின் சொல் கேட்டுப் பழகாதவர்கள். முதல் மாதம் உன்னை அழவைக்கப் பார்ப்பார்கள். நானும் இனிமையான ஆள் அல்ல. உன் மேல் பாசம் வந்து கூப்பிடவில்லை, ஆள் தேவை.”

“நிரந்தரமா?”

“முதல் நாளிலிருந்தே. தற்காலிகம் வைத்து விளையாட எனக்கு நேரம் இல்லை.”

“கடிதம் வேண்டும். நிரந்தரம் என்று எழுதி, கையெழுத்தோடு.”

“எப்போது?”

“இப்போது,” என்று சொல்லி விமலாதேவி நிறுவனத்தின் தட்டச்சு இயந்திரத்தில் நிறுவனத்தின் வெள்ளைத் தாளைச் செருகினாள். கண்ணாடிக்கு அப்பால் வரதராஜா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாலு வரி தட்டினாள். டோரின் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். கீழ் மூலையில் விமலாதேவி தன் எழுத்துகளைச் சிறிதாகப் போட்டாள், வழக்கப்படி.

கிரிக்கெட் கூட்டம் 23ஆம் திகதி வியாழன் மாலை நாலு மணிப் படகில் தீவை விட்டு வந்து, சனிக்கிழமை விமானத்தைப் பிடித்தது. நிறுவனத்தின் அடுத்த வருடப் புத்தகத்தில், கிளெமென்ட் தீவுப் பக்கத்தில் ஒரு வரி புதிதாக ஏறியது: பெரிய வெள்ளியன்று படகுகள் இல்லை. அதற்குக் கீழே வரதராஜாவின் பெயரெழுத்துகள் பெரிதாக இருந்தன.

யோகாவின் விண்ணப்பத்தை விமலாதேவி மார்ச் 14ஆம் திகதி பரமட்டா தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டாள். வரலாம் என்று பதில் வர பதினொரு மாதம் எடுத்தது. ஏப்ரல் 3ஆம் திகதி திங்கள் காலை ஐந்தரைக்கு அவள் மெரிலேண்ட்ஸ் பஸ் டிப்போவுக்குப் போனாள். பதினொரு சாரதிகளில் நாலு பேர் அன்று வேலைக்கு வரவில்லை.